கேளுங்கள்: பழைய கள்ளுக்கடைக் கட்டடம்

கேள்வி: பனங்காட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கள்ளுக்கடை என்கிறார்கள். எவ்வளவு பழசு என்று கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், திசையன்விளை

பதில்: இடம் பொருந்துகிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் சாறு மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். அதிக நேரம் தாங்காது என்பதால் கடை மரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

கட்டடம்தான் பொருந்தவில்லை. 1886-ம் வருஷத்து மதராஸ் அப்காரிச் சட்டக் (மதுவரிச் சட்டம்) காலத்தில் கடை உரிமை ஏலத்தில் போனது. அடுத்த ஏலத்தில் யார் கைக்குப் போகுமோ என்றிருப்பவர் சுவர் எழுப்பிக் காசைக் கொட்டுவாரா? பனந்தூண், ஓலைக்கூரை, கள்ளுப் பானை சாயாமல் உட்கார மணல் தரை, அவ்வளவுதான் பல கடைகளும். உங்களுடையது கருப்பட்டிக் கிட்டங்கியாக (சரக்கு வைக்கும் இடம்) இருந்து பிறகு கடையாகியிருக்கலாம். கிட்டங்கியாக இருந்ததற்கு அடையாளமாகச் சுவரில் பரண் கட்டைகள் செருகிய துளைகள் தெரிகின்றனவா பாருங்கள்.

ஓட்டைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் கம்பெனி முத்திரை கிடைக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியதே 1865-ல்தான். ஆனால் ஓட்டின் வயது சுவரின் வயதல்ல. ஓலையைப் பிரித்துவிட்டு ஓடு போட்ட வீடுகள் நம் பக்கம் நிறைய. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971-ல் கடைகளைத் திறந்து சில வருஷத்திலேயே மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை இந்த வருஷங்களோடு ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி: இதே மாதிரிப் பழைய செம்மண் சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். பாளம் பாளமாக விழுகிறது. பனங்கைகளும் (கூரை தாங்கும் பனஞ்சட்டங்கள்) இற்றுவிட்டன.
- வாசகர், வள்ளியூர்

பதில்: மண்சுவர் தரை ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைப்பதால் பின்னால் மண் ஊறிப் பூச்சைத் தள்ளுகிறது. முழுக்கக் கொத்தி எடுத்துவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது 15 நாள் தண்ணீரில் ஊறவிட்டு, 1 பங்குக்கு 3 பங்கு ஆற்றுமணல் சேருங்கள். தேரி மணல் (செம்மணல் மேட்டு மணல்) ரொம்ப நைசு, வேண்டாம். கடுக்காய்த் தண்ணீரும் கொஞ்சம் கருப்பட்டியும் பழைய வழக்கம்; கருப்பட்டி கூடினால் எறும்புக்குத்தான் விருந்து. சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் இரண்டு தடவையாகப் பூசி, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள்.

பனைக்கு வைரம் (கெட்டியான பகுதி) வெளியில், உள்ளே வெறும் சோறு (மெத்தென்ற நடுப்பகுதி). சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் இறும். கத்தி ஓர் அங்குலம் இறங்கினால் அந்தப் பனங்கையை மாற்றிவிடுங்கள். புது முனையைச் சாந்தால் அடைக்காமல் சுற்றிலும் காற்றுப்போக இடைவெளி விடுங்கள். ஆணியை நேரே அடித்தால் நார்வாக்கில் பிளக்கும், துளையிட்டு அடியுங்கள்.

கேள்வி: சரிசெய்து அங்கேயே கள் விற்கலாமா?
- அதே வாசகர்

பதில்: முடியாது. 1987 ஜனவரி 1 முதல் தடை. பதநீர் விற்கலாம்.