ரேஸ் ஓடி ஓய்ந்த குதிரைக்கும் எனக்கும் பொருந்தும் சேணத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோப்ரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கான்பூரில் செய்த 17 இஞ்ச் சேணம் நல்ல விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குதிரையின் முதுகை அளக்காமல் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

அந்த 17 என்பது உங்களுக்கான அளவு மட்டுமே. சேணத்தின் முன்பக்க ஓரத்தில் இருக்கும் ஆணித் தலையிலிருந்து பின்மேட்டின் நடுப்பகுதி வரை அளந்த நீளம் அது. குதிரையின் முதுகைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை. கான்பூர்ச் சேணங்களுக்குப் புவிசார் குறியீடே உண்டு, பல நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகின்றன. ஆனால் எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் அகலம் தப்பினால் குதிரைக்கு வலிதான்.

குதிரைக்கு முக்கியம் உள்ளே இருக்கும் ட்ரீ, அதாவது மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த சட்டம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை விதர்ஸ் என்போம். தரோப்ரெட்களுக்கு அது பொதுவாகவே உயரம். ரேஸை விட்டு வந்த புதிதில், அதன் பின்னால் இரண்டு பக்கமும் தசை வற்றிப் பள்ளமாகவும் இருக்கலாம். ட்ரீ அகலமாக இருந்தால் சேணம் முன்னால் அமுங்கி விதர்ஸ் மேல் உட்காரும். குறுகலாக இருந்தால் இரண்டு பக்கமும் கிடுக்கிப்பிடியாகப் பிடித்து, தோள்பட்டையை அசையவிடாது. பழைய சேணத்தால் அழுத்தம் பட்ட இடத்தில் வெள்ளை முடி முளைத்திருப்பதைப் பல குதிரைகளிடம் பார்க்கலாம். உங்கள் குதிரைக்கும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அளப்பது கஷ்டமில்லை. குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், வளைத்தால் அப்படியே நிற்கும் தடித்த கம்பியை விதர்ஸ் மேல் அழுத்தி வடிவம் எடுங்கள். அதை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்த அட்டைதான். சேணத்தின் முன்வளைவுக்குள் அதை வைத்தாலே பாதி சேணங்கள் கழிந்துவிடும்.

மிச்சத்தைக் குதிரை மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் கீழே துணி எதுவும் இல்லாமல். கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னுக்கு நகர்த்துங்கள், தோளுக்குப் பின்னால் தானாக ஓரிடத்தில் நிற்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் விதர்ஸுக்கு மேலே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். முதுகெலும்பின் மேல் எங்கேயும் படக்கூடாது. அடியில் கையை விட்டு முன்னிருந்து பின்வரை தடவுங்கள். நடுவில் மட்டும் கை தளர்வாகப் போனால், உங்கள் எடை முழுவதும் நாலு மூலையில் இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் வழியே முதுகு வரை விரலை மேலே கொண்டுபோங்கள். சேணம் அந்த இடத்தைத் தாண்டிப் பின்னால் போகக்கூடாது. அதற்குப் பின்னால் எடையைத் தாங்க விலா இல்லை.

உங்களுக்கான பொருத்தம் இதற்குப் பிறகுதான். உட்கார்ந்தால் பின்னால் ஒரு கையளவு இடம் மிச்சம் இருக்க வேண்டும். எடையைவிடத் தொடை நீளம்தான் இதைத் தீர்மானிக்கும். இருக்கையின் தாழ்ந்த பகுதி நடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் முன்னாலோ பின்னாலோ சாய்ந்துகொண்டே இருப்பீர்கள். முழங்கால் சேணத்தின் பக்கவாட்டுத் தோலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சேணம் உங்களுக்கு இல்லை.

இரண்டும் மோதும் இடமும் உண்டு. தொடை நீளமானவருக்கு 18 இஞ்ச் வேண்டியிருக்கும், குதிரைக்கோ முதுகு குட்டை. அப்போது இருக்கையின் அளவைக் குறைக்காமல், அடிமெத்தை பின்னால் மேல்நோக்கி வளைந்த மாடலைத் தேடுங்கள். முதுகைத் தொடும் நீளம் அதில் குறையும். அதுவும் கடைசி விலாவைத் தாண்டினால், விட்டுக்கொடுக்க வேண்டியது நீங்கள்தான். குதிரையால் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

ரேஸ் குதிரையின் உடம்பு அடுத்த சில மாதங்களில் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால், முன்வளைவை மாற்றக்கூடிய சேணமாகத்தான் வாங்குவேன். விண்டெக் போன்ற பிராண்டுச் சேணங்களில் இரும்பு வளைவைக் கழற்றி வேறு அளவு போடலாம். செயற்கைப் பொருள் என்பதால் மழைக்காலத்தில் பூஞ்சைத் தொல்லையும் குறைவு. பழையதாக வாங்கினால், முன்பக்கத்தை இடுப்பில் முட்டுக் கொடுத்துப் பின்மேட்டை உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். நன்றாக மடங்கினாலோ சத்தம் வந்தாலோ ட்ரீ உடைந்திருக்கிறது. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

குறுகலான சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தை போட்டால் சரியாகிவிடும் என்று லாயத்தில் யாராவது சொல்வார்கள். சரியாகாது, இன்னும் இறுகும். சற்றே அகலமான சேணத்தில், தசை நிரம்பும் வரை தற்காலிகமாக மெத்தை வைப்பது மட்டும் சரி.

விற்பவரிடம் சில நாள் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அரை மணி நேரமாவது வியர்க்க ஓட்டிவிட்டு இறக்குங்கள். வியர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும். அந்த வியர்வைத் தடத்துக்கு நடுவில் காய்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அதிகமாக அழுத்துகிறது அல்லது படவே இல்லை. வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்குவது, கடிக்க வருவது, முதுகை உள்வாங்குவது எதையும் கெட்ட குணம் என்று ஒதுக்காதீர்கள். சேணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் முதுகைக் காட்டுங்கள்.