மேனேஜர் ஓகே சொல்லிட்டாரு, ஃபார்ம் மட்டும் இன்னும் 'பெண்டிங்'

ஆபீஸ் ஃபார்ம், அப்ரூவல் இதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் 365 வச்சிருக்கிற ஆபீஸ்ல இருந்துதான் எழுதியிருக்கீங்க, அதனால பேச்சும் அதைச் சுத்தியே போகும். முதல்லயே ஒண்ணு கேட்டுக்கிறேன், ஃபார்ம் ஓடலன்னதும் பதறி அதை அழிச்சிட்டு புதுசா செய்ய உக்காந்துடாதீங்க. ஃபார்ம் போட்டதும் மெயில், அப்ரூவல்னு அடுத்தடுத்து தானா நடக்கிற ஸ்டெப்களோட வரிசைக்குப் பேர்தான் ஃப்ளோ, அதைச் செய்யற மைக்ரோசாஃப்ட் ஆப் பவர் ஆட்டோமேட். பவர் ஆட்டோமேட்ல அந்த ஃப்ளோவைத் திறந்தா கடைசி 28 நாள் ரன் ஹிஸ்டரி, அதாவது அது ஒவ்வொரு தடவை ஓடினதோட பதிவு, இருக்கும். ஃபெயில் ஆன ரன்னைத் தொட்டா எந்த ஸ்டெப்ல சிவப்பு நிக்குதுன்னு காட்டும், அதை விரிச்சு எர்ரர் மெசேஜை கடைசி வரி வரைக்கும் படிங்க. அழிச்சிட்டா அந்தத் தடயமும் சேர்ந்து போயிடும்.

கேள்வி: அக்கா, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி எச்.ஆர்.ல இருக்கேன். லீவ் ஃபார்ம் எல்லாம் எனக்கு முன்னாடி இருந்தவங்க செஞ்சு வச்சது. அவங்க வேலையை விட்டுப் போய் மூணு வாரம் ஆச்சு. ஸ்டாஃப் ஃபார்ம் போடுறாங்க, 'சப்மிட் ஆயிடுச்சு'ன்னு வருது, ஆனா எந்த மேனேஜருக்கும் மெயில் போகல. எல்லாரும் என்னைத்தான் திட்றாங்க.

பதில்: உங்க மேல தப்பே இல்லம்மா, இதை உங்க மேனேஜர்கிட்டயும் தைரியமா சொல்லுங்க. ஃப்ளோன்னு ஒண்ணு கம்பெனி பேர்ல ஓடுறதில்ல, அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கனெக்‌ஷனும் யாரோ ஒருத்தரோட லாகின்லதான் ஓடுது, ஃபார்ம்ஸுக்கு ஒண்ணு, ஷேர்பாயிண்ட்டுக்கு (கம்பெனி ஃபைலும் லிஸ்ட்டும் ஆன்லைன்ல வைக்கிற இடம்) ஒண்ணு, அவுட்லுக்குக்கு ஒண்ணுன்னு. அவங்க போன அன்னைக்கு ஐடி டீம் அக்கவுண்ட்டை மூடியிருப்பாங்க, அதோட கனெக்‌ஷன் எல்லாம் செத்திருக்கும். ஃபார்ம் பக்கம் மட்டும் உயிரோட இருக்கிறதால 'சப்மிட் ஆயிடுச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அதுவும் இல்லாம ஒரு ஃப்ளோ தொடர்ந்து 14 நாள் ஃபெயில் ஆயிட்டே இருந்தா சிஸ்டமே அதை ஆஃப் பண்ணிடும், மூணு வாரம்னு சொல்றீங்க, அந்த ஸ்டேஜையும் தாண்டியிருக்க வாய்ப்பிருக்கு.

இன்னைக்கே ஐடி அட்மினைப் பிடிங்க. பவர் பிளாட்ஃபார்ம் அட்மின் சென்டர்ல போய் அந்த ஃப்ளோவுக்கு உங்களைக் கோ-ஓனரா சேர்க்கச் சொல்லுங்க. கோ-ஓனர் ஆனா மட்டும் போதாது, ஃப்ளோவை எடிட்ல திறந்து ஒவ்வொரு ஸ்டெப்லயும் கனெக்‌ஷனை உயிரோட இருக்கிற லாகினுக்கு மாத்தணும். அது உங்க லாகினா இருக்க வேண்டாம், நாளைக்கு நீங்களும் வேற கம்பெனிக்குப் போவீங்க. எச்.ஆர்.னு பொதுவா ஒரு அக்கவுண்ட் லைசென்ஸோட வாங்கி அதுல கட்டுங்க. ஃபார்மும் அவங்க பேர்லதான் இருக்கும், அதையும் மாத்திவிடச் சொல்லுங்க. டெலிட் பண்ணின அக்கவுண்ட்டை 30 நாள் வரைக்கும்தான் மீட்டெடுக்க முடியும், மூணு வாரம் ஏற்கனவே ஓடிப்போச்சு, அதனாலதான் இன்னைக்கேன்னு சொல்றேன். ஃபார்மை ஒரு குரூப் பேருக்கு மாத்தினா ஃப்ளோவோட டிராப்டவுன்ல அது தெரியாது, பயப்படாதீங்க, ஃபார்மோட வெப் அட்ரஸ்ல 'id='க்கு அப்புறம் வர்ற நீளமான எழுத்துக்கோவையை காப்பி பண்ணி கஸ்டம் வேல்யூவா ஒட்டணும். ட்ரிக்கர்லயும் (ஃப்ளோவைக் கிளப்பிவிடற முதல் ஸ்டெப்) அடுத்து வர்ற 'கெட் ரெஸ்பான்ஸ் டீடெய்ல்ஸ்'லயும் அதே ஐடி இருக்கான்னு பாருங்க, ஒண்ணுல பழசு இன்னொண்ணுல புதுசுன்னு விட்டுட்டுத்தான் நிறைய பேர் அரை நாள் தேடுறாங்க.

மூணு வாரமா போட்ட லீவ் எங்கயும் தொலையல, ஃபார்ம்ஸ்ல ரெஸ்பான்ஸா அப்படியே இருக்கு. எக்செல்ல திறந்தா ஒவ்வொண்ணுக்கும் ஐடி நம்பர் தெரியும். ரன் ஹிஸ்டரில ஃபெயில்னு நிக்கிறதை கனெக்‌ஷன் மாத்தினதும் 'ரீசப்மிட்' கொடுக்கலாம். ரன்னே ஆகாததுக்கு, ஐடி நம்பரைக் கையால கொடுத்தா அதே ஸ்டெப்ஸ் ஓடுற மாதிரி இன்னொரு சின்ன ஃப்ளோ செஞ்சுக்கோங்க. ஸ்டாஃபைத் திரும்ப ஃபார்ம் போடச் சொல்லாதீங்க, அவங்க ஒரு தடவை ஒழுங்கா போட்டாச்சு.

கேள்வி: சென்னையில நைட் ஷிஃப்ட் டீம் லீட் நான். அட்டெண்டன்ஸ் கரெக்‌ஷன் ஃபார்ம்ல ஷிஃப்ட் முடிஞ்சு விடியக்காலைல போடுறவங்களுக்கு மட்டும் முந்தின நாள் தேதி விழுது, அதனால சம்பளம் பிடிக்கிறாங்க. பகல்ல போட்டா கரெக்டா இருக்கு.

பதில்: பகல்ல கரெக்ட், விடியக்காலைல தப்புன்னு நீங்க கவனிச்சதே பாதி வேலையை முடிச்சிடுச்சு. ஃப்ளோ உள்ளுக்குள்ள யூ.டி.சி.ங்கிற உலகப் பொது நேரத்துலதான் யோசிக்கும், நம்ம நேரம் அதைவிட 5:30 மணி முன்னாடி. 12-ம் தேதி காலைல 4:40-க்கு ஒருத்தர் சப்மிட் பண்றாருன்னு வைங்க, ஃப்ளோவுக்கு அது 11-ம் தேதி ராத்திரி 11:10. நேரத்தை வெட்டிட்டு தேதியை மட்டும் எடுத்து லிஸ்ட்ல எழுதினா 11-ன்னுதான் விழும். அதாவது காலைல 5:30-க்கு முன்னாடி போடுற எல்லாருக்கும் ஒரு நாள் பின்னாடி போகும், 5:31-க்குப் போட்டவருக்குப் போகாது. உங்க பழைய ரெக்கார்டை இந்தக் கணக்கை வச்சு ஒருவாட்டி பாருங்க, அப்படியே பொருந்தும்.

தேதியை எடுக்கிறதுக்கு முன்னாடி 'கன்வர்ட் டைம் ஜோன்' ஸ்டெப் போட்டு யூ.டி.சி.ல இருந்து இந்தியா நேரத்துக்கு மாத்துங்க, லிஸ்ட்ல நம்ம நேரம் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லின்னு ஊர் பேரோடயே இருக்கும். ஷேர்பாயிண்ட் சைட்டோட ரீஜனல் செட்டிங்ஸையும் பார்த்துடுங்க, அது அமெரிக்க பசிபிக் நேரத்துல கிடந்தா ஸ்கிரீன்ல 12:30 இல்லன்னா 13:30 மணி நேரம் (அங்க கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாத்துவாங்க) பின்னாடி காட்டும், அது வேற தப்பு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. சம்பளம் பிடிச்சவங்க லிஸ்ட்டை சப்மிட் நேரத்தோட எடுத்து பேரோல்ல கொடுங்க. ஆதாரம் உங்க கையில இருக்கு, அந்தக் காசு திரும்பி வரணும்.

கேள்வி: மதுரைல எங்க யூனிட்ல ஷாப் ஃப்ளோர் ஆளுங்களுக்குப் புரியணும்னு ஷேர்பாயிண்ட் லிஸ்ட்ல ஃபீல்டு பேரெல்லாம் தமிழ்லயே வச்சோம். பார்க்க அழகா இருக்கு, ஆனா ஃப்ளோல ஃபில்டர் போட்டா அப்படி ஒரு ஃபீல்டே இல்லைங்குது. தமிழ்ல வச்சது தப்பா அண்ணா? (அக்காவா இருந்தா மன்னிக்கவும்)

பதில்: அக்காதான், மன்னிக்க ஒண்ணுமே இல்ல. தமிழ்ல வச்சது தப்பு இல்லவே இல்ல, மெஷின் முன்னாடி நிக்கிறவருக்குப் புரியாத ஃபார்ம் எதுக்கு? வச்ச வரிசைலதான் சிக்கல். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ரெண்டு பேர் இருக்கு, நாம பார்க்கிற பேர் ஒண்ணு, சிஸ்டம் உள்ள வச்சிருக்கிற பேர் ஒண்ணு. உள் பேர் முதல் தடவை கிரியேட் பண்ணும்போது பதியறது, அப்புறம் நீங்க வெளியில எத்தனை தடவை மாத்தினாலும் அது மாறாது. அதுல தமிழ் எழுத்து அப்படியே உக்காராது, ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற அலகு) அண்டர்ஸ்கோர், எக்ஸ், நாலு இலக்க கோட் நம்பர், திரும்ப அண்டர்ஸ்கோர்னு ஏழு கேரக்டரா மாறிடும். 'தேதி'ன்னு ரெண்டே எழுத்து, ஆனா கொம்பும் கொக்கியும் தனித்தனிக் குறி, ஆக நாலு, நாலேழு 28. உள் பேருக்கு இடம் 32 கேரக்டர்தான். 'தேதி தொடக்கம்', 'தேதி முடிவு'ன்னு ரெண்டு ஃபீல்டு வச்சீங்கன்னா ரெண்டுமே கிட்டத்தட்ட ஒரே இடத்துல வெட்டுப்பட்டு, ஒண்ணோட வாலுல மட்டும் ஒரு நம்பர் ஒட்டிக்கிட்டு நிக்கும். ஃபில்டர்ல நீங்க தமிழ்ப் பேரை எழுதுறீங்க, சிஸ்டம் தேடுறது அந்த நீளமான உள் பேரை.

லிஸ்ட் செட்டிங்ஸ்ல ஃபீல்டு பேரை க்ளிக் பண்ணி பிரவுசர் அட்ரஸோட கடைசியைப் பாருங்க, உள் பேர் அங்க இருக்கும் (%5F-ன்னு தெரியறது அண்டர்ஸ்கோர்தான்), அது அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கிறதால முன்னாடி OData_ சேர்த்து ஃபில்டர்ல போட்டா ஓடும். லிஸ்ட் புதுசுதான், டேட்டா அதிகம் இல்லைன்னா ஃபீல்டைத் திரும்ப செஞ்சிடறது நல்லது, முதல்ல ஆங்கிலத்துல இடைவெளி இல்லாம சின்னப் பேரா வச்சு சேவ் பண்ணிட்டு, உடனே ரீநேம் பண்ணி தமிழ்ல எழுதுங்க. ஆளுங்களுக்குத் தமிழ், ஃப்ளோவுக்கு ஆங்கிலம். இடைவெளி விட்டா அதுக்கும் அதே மாதிரி ஒரு கோட் நம்பர் உள்ள போகும், ஆங்கிலப் பேரே வச்சவங்களும் மாட்டுறது அங்கதான்.

கேள்வி: பர்ச்சேஸ் ரெக்வெஸ்ட் ஒண்ணு போட்டா மேனேஜருக்கு நிக்காம மெயில் போயிட்டே இருக்கு. (கோவை வாசகர்)

பதில்: முதல் வேலையா ஃப்ளோவை ஆஃப் பண்ணுங்க. உங்க ட்ரிக்கர் 'ஐட்டம் கிரியேட் ஆனா அல்லது மாடிஃபை ஆனா'ன்னு இருக்கும், ஃப்ளோவோட கடைசில அதே ஐட்டத்தோட ஸ்டேட்டஸை அப்டேட் பண்றீங்க, அந்த அப்டேட்டும் ஒரு மாடிஃபைதானே, அதனால தானே தன்னைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்குது. புது ஐட்டத்துக்கு மட்டும் போதும்னா 'கிரியேட் ஆனா' ட்ரிக்கருக்கு மாறுங்க. திருத்தினாலும் அப்ரூவலுக்குப் போகணும்னா ட்ரிக்கர் செட்டிங்ஸ்ல ட்ரிக்கர் கண்டிஷன்ஸ்னு இருக்கும், ஸ்டேட்டஸ் 'புதுசு'ன்னு இருந்தாத்தான் ஓடணும்னு அங்க எழுதிட்டு, ஃப்ளோவோட முதல் ஸ்டெப்லயே ஸ்டேட்டஸை 'அனுப்பியாச்சு'ன்னு மாத்திடுங்க. ஃப்ளோவுக்குள்ள இஃப் கண்டிஷன் போட்டாலும் மெயில் நிக்கும், ஆனா ரன் சும்மா ஓடிக்கிட்டே இருக்கும், அது வேண்டாம்.

கேள்வி: எங்க ஜி.எம். லீவ்ல போனா எல்லா அப்ரூவலும் நின்னுடுது. அவர் மெயிலை ஏ.ஜி.எம்.முக்கு ஃபார்வர்டு பண்ணி 'நீங்க பாருங்க'ன்னுட்டாரு, அவரால ஒண்ணும் பண்ண முடியல. ஒரு மாசம் ஆனது எல்லாம் ஃபெயில்னு காட்டுது. — சேலம் வாசகி

பதில்: இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல டிரைவர் ஒருத்தர் கைக்காசு போட்டு டோல், டீசல் எல்லாம் கட்டிட்டு பில்லை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருந்தாரு. மூணு பேர் அப்ரூவ் பண்ணணும், 'எல்லாரும் அப்ரூவ் பண்ணணும்'னு செட்டிங், அந்த மூணு பேர்ல ஒருத்தர் வேலையை விட்டே போயிட்டாரு. யாரும் ரிஜெக்ட் பண்ணல, யாரும் தட்டிக் கேக்கவும் இல்ல. கடைசில ஒரிஜினல் பில் கொண்டு வாங்கன்னப்ப அவர் கவரைப் பிரிக்கிறாரு, டோல் சீட்டுல மை முழுக்க மங்கி வெறும் வெள்ளைத் தாளா இருக்கு. அன்னைல இருந்து எந்த அப்ரூவல் செஞ்சாலும் 'இவர் இல்லன்னா என்ன ஆகும்'னு கேக்காம நான் முடிக்கிறதில்ல.

உங்க விஷயத்துக்கு வர்றேன். அப்ரூவல் யாருக்கு அசைன் ஆச்சோ அவரோட பதிலைத்தான் ஃப்ளோ ஏத்துக்கும், மெயிலை ஃபார்வர்டு பண்ணினா உரிமை ஃபார்வர்டு ஆகாது. ஜி.எம். கிளம்பறதுக்கு முன்னாடி டீம்ஸ்ல அப்ரூவல்ஸ் ஆப்பைத் திறந்து 'ரீஅசைன்' கொடுக்கணும், அப்பத்தான் ஏ.ஜி.எம். பேருக்கு மாறும். ஒரு மாசக் கதை வேற, ஒரு ஃப்ளோ ரன் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோட இருக்கும், அதுக்கு மேல காத்திருக்காது. அப்புறம் ஜி.எம். வந்து பழைய ரெக்வெஸ்ட்டை அமுத்தினாலும் அந்த ஃப்ளோ எழுந்திருக்காது, புதுசாத்தான் அனுப்பணும்.

நிரந்தரமா சரி பண்ண, அப்ரூவல் ஸ்டெப்போட செட்டிங்ஸ்ல டைம்அவுட் போடுங்க, 3 நாள்னா ஆங்கில எழுத்துல P3D-ன்னு சேர்த்து எழுதணும். அதுக்குக் கீழ ஏ.ஜி.எம்.முக்கு இன்னொரு அப்ரூவல் ஸ்டெப், அதோட 'கன்ஃபிகர் ரன் ஆஃப்டர்'ல (முந்தின ஸ்டெப் எப்படி முடிஞ்சா இது ஓடணும்னு சொல்ற இடம்) 'டைம்ட் அவுட்' மட்டும் டிக் பண்ணுங்க. ரெண்டு பேர்ல யார் பார்த்தாலும் போதும்னா 'முதல்ல யார் பதில் சொன்னாலும் சரி' டைப்பை எடுத்து ரெண்டு பேரையும் சேர்த்துடுங்க, இதுதான் சுலபம். 'எல்லாரும்' டைப் உண்மையிலேயே எல்லார் கையெழுத்தும் வேணுங்கிற இடத்துக்கு மட்டும் வைங்க, அதுல ஒருத்தர் ரிஜெக்ட் பண்ணினாலே முடிஞ்சிடும், ஆனா ஒருத்தர் சும்மா இருந்தா எல்லாரும் காத்துக்கிட்டே இருக்கணும்.

கேள்வி: இன்ஃபோபாத்துல (மைக்ரோசாஃப்ட்டோட பழைய ஃபார்ம் செய்யற சாஃப்ட்வேர்) செஞ்ச பழைய ஃபார்ம் பத்து வருஷமா ஓடுது. நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்னு முதலாளி கேக்குறாரு.

பதில்: அவர் கேக்குறதுல நியாயம் இருக்கு, ஆனா இது அவர் கையிலயும் இல்ல, உங்க கையிலயும் இல்ல. புது இன்ஃபோபாத் வராதுன்னு மைக்ரோசாஃப்ட் 2014-லயே சொல்லிடுச்சு. ஷேர்பாயிண்ட் ஆன்லைன்ல இன்ஃபோபாத் ஃபார்முக்கு வச்ச கடைசித் தேதி 2026 ஜூலை 14. அதைவிட முன்னாடியே, அந்த ஃபார்முக்குப் பின்னாடி ஓடுற 2013 வகை ஒர்க்ஃப்ளோவுக்கு 2026 ஏப்ரல் 2. முதலாளிகிட்ட இந்த ரெண்டு தேதியையும் தாள்ல எழுதிக் கொடுங்க.

மாத்தறதை விட எனக்குக் கவலை பழைய ரெக்கார்டுதான். லைப்ரரில கிடக்கிற ஒவ்வொரு ஃபார்மும் ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல், டெம்ப்ளேட்டும் அதைத் திறக்கிற சாஃப்ட்வேரும் இருந்தாத்தான் அது ஃபார்ம் மாதிரி தெரியும், இல்லன்னா வெறும் எழுத்துக் குவியல். ஆடிட்டுக்குத் தேவைப்படுறதை எல்லாம் ஃபார்ம் திறக்கும்போதே பி.டி.எஃப். ஆக்கி வச்சிடுங்க, அதை முடிச்சிட்டுப் புது ஃபார்மைப் பத்தி யோசிக்கலாம்.

கேள்வி: கூகுள் ஃபார்ம்ல சப்ளையர்கள்கிட்ட கொட்டேஷன் கேட்டோம். சிலருக்கு ஃபார்ம் திறக்கவே லாகின் கேக்குதாம்.

பதில்: ஃபைல் அப்லோடு கேள்வி வச்சிருப்பீங்க. அது ஒண்ணு இருந்தாலே கூகுள் அக்கவுண்ட்ல சைன் இன் பண்ணச் சொல்லும், அதை ஆஃப் பண்ண வழி இல்ல. அந்தக் கேள்வியை எடுத்துட்டு, ரேட்டும் ஜி.எஸ்.டி. நம்பரும் ஃபார்ம்ல, கொட்டேஷன் ஃபைல் மட்டும் உங்க பர்ச்சேஸ் மெயிலுக்குன்னு பிரிச்சிடுங்க. மெயில் சப்ஜெக்ட்ல ஜி.எஸ்.டி. நம்பரைப் போடச் சொன்னா எந்த ஃபைல் யாரோடதுன்னு நீங்க தேட வேண்டியிருக்காது.