பெற்ற பிள்ளை மேல் பாசம் வைப்பது தப்பா?

கேள்வி: எனக்கு 56 வயது. வீட்டில் அப்பளம் இட்டுக் கொடுக்கிறேன். ஒரே மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி ஒரு வருஷம். தினமும் பேசியவன் இப்போது வாரம் ஒரு தடவைதான் கூப்பிடுகிறான். வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மருமகள் மேல் கோபமாக வருகிறது, இராத்திரி தூக்கம் இல்லை. பற்றை விடச் சொன்னார் புத்தர் என்று படித்தேன். பிள்ளை மேல் பாசமே கூடாதா?
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்புள்ள அக்கா, பாசம் தப்பே இல்லை. எல்லா உயிர்கள் மேலும் அன்பு வைக்கச் சொன்ன புத்தர், அந்த அன்புக்கு அளவாகக் காட்டியதே ஒரு தாயைத்தான். தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்தும் காக்கிற தாயை. சுத்தநிபாதம் என்ற பாலி நூலில் இது இருக்கிறது.

அவர் விடச் சொன்னது வேறு. அது எப்படி முளைக்கிறது என்பதை நம் மணிமேகலை பன்னிரண்டு சார்புகளாக, அதாவது ஒன்றைச் சார்ந்து அடுத்தது வருகிற வரிசையாகச் சொல்கிறது. அதில் நடுவே வருகிற நாலு போதும்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. மாவு ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுக்கிறீர்கள். மகன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்'. கண்ணில் பட்டது ஊறு. நெஞ்சு சுருக்கென்றது நுகர்வு. எந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும், அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. 'இப்பவே என்னைக் கூப்பிடணும்' என்று மனசு தாவுகிறதே, அது வேட்கை. 'முன்னே மாதிரியேதான் இருக்கணும், அவன் என் பிள்ளை' என்று இறுகிவிட்டால் பற்று. அது நடக்காதபோது கோபம் மருமகள் மேல் போய் விழுகிறது. அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கலாம், பாவம்.

சுருக்கென்றதற்கும் 'கூப்பிடணும்' என்பதற்கும் நடுவே ஒரு மூச்சளவு இடம் இருக்கிறது. பயிற்சி முழுக்க அங்கேதான். 'வலிக்கிறது' என்று மட்டும் மனசுக்குள் சொல்லுங்கள், யாரால் என்று சேர்க்க வேண்டாம். தொண்டையிலா, நெஞ்சிலா, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். ஏறும், கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். முதலில் பத்துத் தடவையில் ஒரு தடவைதான் ஞாபகம் வரும். அது போதும்.

இராத்திரிக்கு, புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி நூலின் 20ஆவது சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் உவமை உண்டு. வேகமாக நடக்கிறவன் 'ஏன் இவ்வளவு வேகம்?' என்று தன்னையே கேட்டு மெதுவாக நடக்கிறான். அப்புறம் நிற்கிறான், உட்காருகிறான், கடைசியில் படுத்துவிடுகிறான். நினைப்பையும் அதட்டி நிறுத்த முடியாது அக்கா. இப்படிப் படிப்படியாகத்தான் அடங்கும். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லையென்றால் டாக்டரையும் பாருங்கள்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான பேச்சும் இல்லை. பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவரான அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்கிறது வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல். அந்த அகத்தியரின் பொதிகை உங்கள் ஊர்ப் பக்கத்து மலைதானே.

அப்பளம் இடும் நேரத்தில் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். மகன் கூப்பிடும்போது 'ஏன் இத்தனை நாளாப் பேசலை' என்று ஆரம்பிக்காதீர்கள், 'என்ன சாப்பிட்டே' என்று கேளுங்கள். அடுத்த தடவை பெங்களூருக்கு அப்பளம் அனுப்பும்போது பார்சல் மேல் மருமகள் பெயரை எழுதுங்கள்.