மரமேறும் ஸ்பர்: கேட்டவற்றுக்குப் பதில்

டொரொண்டோ பக்கம் பதினாறு வருடமாக மரவேலை செய்கிறேன். பாதி நாள் கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது, மீதி நாள் பட்ட மரத்தை இறக்குவது. ஸ்பர் பற்றி இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். காலின் உட்பக்கமாக முழங்காலுக்குக் கீழ் வரை வரும் உலோகத் தண்டு, பூட்ஸின் அடியில் குறுக்கே போகும் மிதி, கணுக்காலுக்கு உள்ளே கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும் கூர்முனை, இரண்டு வார்கள். எல்லாம் சேர்ந்தது ஸ்பர், காலில் கட்டி மரத்தைக் குத்திக் குத்தி ஏறும் கருவி. அந்தக் கூர்முனையைக் காஃப் என்பார்கள். நான் முள் என்றே எழுதுகிறேன்.

அண்ணா, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஒரு மேப்பிளில் நாலைந்து கிளை மட்டும் எடுக்க வேண்டும். ஸ்பர் போட்டு ஏறு, சீக்கிரம் முடியும் என்கிறார் முதலாளி. போடலாமா? (பிராம்ப்டன்)

போடாதீர்கள் தம்பி. வெட்டி அகற்றப் போகும் மரத்துக்குத்தான் ஸ்பர். உயிரோடு நிற்க வேண்டிய மரத்துக்கு இல்லை.

பட்டைக்கு அடியில் கேம்பியம் என்று ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. மரம் பருப்பது அதனால்தான். முள் ஒவ்வொரு அடிக்கும் அதைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. ஒரு காலடிக்கு 25 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 15 மீட்டர் ஏற அறுபது ஓட்டை. மிதித்துக்கொண்டே இறங்கினால் இன்னும் அறுபது. நம் தோல் மாதிரி மரம் புண்ணை ஆற்றாது. புண்பட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, மேலே புது மரத்தை வளர்த்துக்கொள்ளும். அறுபது இடத்தில் அப்படிச் சுவர் கட்ட வைப்பது அநியாயம்.

அமெரிக்காவின் ஏ300 கவாத்துத் தரமும் இதைத்தான் சொல்கிறது. விலக்கு சிலதான்: வீச்சுக் கயிறு (எடைப்பை கட்டிக் கிளைமேல் வீசி, ஏறுகயிற்றை மேலே இழுக்கும் மெல்லிய கயிறு) போட வழியே இல்லாத மரம், முள் கேம்பியத்தைத் தொட முடியாத அளவு தடித்த பட்டை, மேலே மாட்டிக்கொண்ட ஆளை மீட்கும் அவசரம். உங்கள் மேப்பிள் இதில் எதிலும் சேராது. முதலாளியிடம் சண்டை போட வேண்டாம். “கயிறு போட பத்து நிமிடம் கொடுங்கள்” என்று கேளுங்கள். சாயங்காலங்களில் வீட்டுப் பின்புறம் நின்று எடைப்பையை வீசிப் பழகினால் அந்தப் பத்து நிமிடம் மூன்றாகிவிடும்.

போன வருடம் ஒருவர் எங்கள் மேப்பிளை ஸ்பர் போட்டு ஏறி வெட்டினார். இப்போது அடிமரம் முழுக்க ஓட்டை, சிலதில் நீர் வடிகிறது. ஏதாவது பூச வேண்டுமா தம்பி? (ஸ்கார்பரோ)

ஒன்றும் பூசாதீர்கள் அக்கா. தார், பெயின்ட் எதுவுமே மரத்துக்கு உதவாது. வறண்ட கோடையில் வேர்ப்பரப்புக்கு ஆற அமரத் தண்ணீர் விடுங்கள். மரச்சில்லுப் போர்வை போடுங்கள், ஆனால் அடிமரத்தைத் தொடாமல். ஆரோக்கியமான மேப்பிள் தாங்கிக்கொள்ளும்.

அடுத்த முறை ஆளைக் கூப்பிடும்போது, “கவாத்துக்கு ஸ்பர் போடுவீர்களா?” என்று மட்டும் கேளுங்கள். “ஆமாம், எப்போதும் அப்படித்தான்” என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். ஓக் மரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓக் வாடல் நோய் கனடாவில் முதன்முதலாக 2023-இல் நயாகரா ஃபால்ஸில் உறுதியானது. புதுக் காயத்தின் வாசனைக்கு வண்டு வரும், வண்டோடு பூஞ்சையும் வரும். வசந்தத்திலும் கோடையிலும் ஓக்கில் கத்தியும் படக் கூடாது, முள்ளும் படக் கூடாது.

முள்ளை எப்படித் தீட்டுவது? எங்கள் கடையில் கிரைண்டரில் பிடித்துத் தீட்டுகிறார்கள். இரண்டு நிமிட வேலை.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் அடிபட்டவன்.

இரண்டாவது வருடம். அப்போது வேலை பார்த்த இடத்தில் ஸ்பர் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டலாம். அன்று எடுத்த ஜோடியில் இடது முள்ளின் நுனி லேசாக நீலம் பாய்ந்திருந்தது. எண்ணெய்க் கறை என்று நினைத்தேன். கறை இல்லை. கிரைண்டரின் சூட்டில் எஃகு பதம் இழந்தால் வரும் நிறம் அது. காலையில் நன்றாகத்தான் குத்தியது. மத்தியானத்துக்குள் நுனி மழுங்கி மடங்கிவிட்டது. ஒரு நார்வே மேப்பிளில் இடது கால் வழுக்கியது. இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போகும் பிடிகயிறான லேன்யார்டும் என்னோடு சேர்ந்து கீழே சரிந்தது. ஒன்றரை மீட்டர் தூரம் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினேன். நெஞ்சிலும் முன்கையிலும் பட்டை தோலை உரித்துவிட்டது. அடுத்த வாரமே சொந்தமாக ஒரு ஜோடி வாங்கினேன். இன்றுவரை யாருக்கும் கடன் கொடுத்ததில்லை.

ஆகவே, கை அரம். மென்மையான பல் உள்ளது. தண்டை இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, முள் மேலே தெரியும்படி வைஸ் என்ற இடுக்கியில் இறுக்குங்கள். முள்ளின் அடியிலிருந்து நுனியை நோக்கி, ஒரே திசையில், நீளவாக்கில் இழுங்கள். குறுக்கே அராவினால் விழும் கீறல்தான் நாளைக்கு விரிசல். எந்த முகத்தை அராவலாம், எதைத் தொடக் கூடாது என்பது ஒவ்வொரு பிராண்டின் தாளிலும் இருக்கும். அதோடு கேஜ் என்று ஒரு சின்னத் தகடு கிடைக்கும். முள்ளின் நீளம், அகலம், தடிமன், நுனியின் வடிவம் எல்லாவற்றையும் அதில் வைத்துப் பார்க்கலாம். அளவு குறைந்துவிட்டால் தீட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஊசி மாதிரி கூராக்கிவிடாதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு இது. ஊசிமுனை உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கிப் பிடுங்கி மத்தியானத்துக்குள் தொடை செத்துவிடும். நுனியும் சீக்கிரம் வளையும்.

தீட்டியதும் ஒரு சோதனை. மென்மையான பைன் பலகையைத் தரையில் போட்டு, முள்ளின் தட்டைப் பக்கம் பலகையில் படுகிற மாதிரி ஸ்பரை நிமிர்த்திப் பிடித்து, கீழே அழுத்தாமல் முன்னால் தள்ளுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குள் நுனி மரத்தில் இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டே போனால் வடிவம் சரியில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை தீட்ட வேண்டும்?

கணக்குக் கிடையாது. பார்ப்பது தினமும், தீட்டுவது தேவைப்படும்போது. முள் மழுங்குவது பெரும்பாலும் மரத்தில் இல்லை, தரையில். ஸ்பரோடு கான்கிரீட்டில் நடப்பது, லாரியிலிருந்து குதிப்பது, பழைய ஆணியை மிதிப்பது. மரத்தடியில் கட்டி, மரத்தடியிலேயே கழற்றுங்கள். கழற்றியதும் முள்ளுக்கு உறை. உறை தொலைந்தால் ரப்பர் குழாய்த் துண்டு போதும். அப்புறம், கயிற்றுப் பையில் ஸ்பரைப் போடவே கூடாது. ஒரு குத்து போதும் கயிற்றுக்கு.

பிசினைத் துடைத்துவிட்டு உலோகத்துக்கு லேசாக எண்ணெய். நைலான் வார் என்றால் சோப்புத் தண்ணீர். தோல் வார் என்றால் அதற்குரிய தைலம்தான், எஞ்சின் எண்ணெய் வேண்டாம். வாரின் துளைகள் நீண்டிருக்கிறதா, பக்கிள் முள் வளைந்திருக்கிறதா, மிதி தண்டோடு சேரும் மூலையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். திருகாணியில் மாற்றும் வகை முள் என்றால் காலையில் ஒருமுறை திருகாணியைத் தொட்டுப் பாருங்கள். முள்ளை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் நொண்டி நடைதான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு கன்றிப் போகிறது. பழகினால் சரியாகிவிடுமா?

கொஞ்சம் பழகும். ஆனால் பெரும்பாலும் நீளம்தான் தப்பு. தண்டின் மேல்நுனி, முழங்காலின் உட்பக்கம் புடைத்திருக்கும் எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் முழங்காலில் குத்தும், தாழ்ந்தால் கெண்டைக்கால் தசையில் அழுத்தும். பூட்ஸையும் பாருங்கள். மிதி உட்கார நல்ல குதிகால் விளிம்பும், உள்ளே விறைப்பான தகடும் வேண்டும். சாதாரண ஷூ போட்டு ஏறினால் சாயங்காலம் உள்ளங்காலில் மிதியின் அச்சே விழுந்திருக்கும்.

நான் 52 கிலோ. முள் இறங்குவதற்காக உதைத்து உதைத்து ஏறுகிறேன் அண்ணா. பையன்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும் தங்கச்சி, அவர்களும் உதைத்துத்தான் ஏறியிருப்பார்கள். முள்ளை இறக்க வேண்டியது உங்கள் எடை, உதை இல்லை. முழங்காலை மரத்திலிருந்து வெளியே தள்ளி வையுங்கள், அப்போதுதான் முள் சரியான கோணத்தில் உள்ளே போகும். முழங்கால் மரத்தை ஒட்டினால் கோணம் கெட்டு முள் பட்டையைச் சீவிக்கொண்டு வெளியே வரும். சின்னச் சின்ன அடியாக வையுங்கள். எடை குறைந்தவர்களுக்கு முள்ளின் கூர் இன்னும் முக்கியம்.

நன்றாகத் தீட்டிய முள்ளும் வழுக்குகிறதே?

அப்போது மரத்தைப் பாருங்கள். வெள்ளி மேப்பிளின் பட்டை நாடா நாடாவாக உரியும். முள் பட்டையில் மட்டும் மாட்டியிருக்கும், மரத்தைத் தொட்டிருக்காது. இங்கே ஜனவரியில் உறைந்த மரம் கல் மாதிரி. கணுவின் மேல் மிதித்தாலும் அதே கதை. முள்ளின் நீளமும் காரணமாக இருக்கலாம். மரத்துக்கான முள் சுமார் ஏழு சென்டிமீட்டர், மின்கம்பத்துக்கானது நான்கு. மலிவாகக் கிடைத்தது என்று கம்பத்து ஸ்பரை வாங்கித் தடித்த பட்டை மரத்தில் ஏறினால் வழுக்கத்தான் செய்யும்.

வழுக்கவே வழுக்காத ஆள் கிடையாது. அதனால் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். லேன்யார்ட் உங்களை மரத்தோடு வைத்திருக்கும், கீழே இறக்காது. கையில் வெட்டுப்பட்டு மேலே தொங்கும்போது ஐம்பது அடி மிதித்து இறங்க முடியாது. ஆகவே அடிமரத்தைச் சுற்றி இறுகும்படி கட்டிய ஏறுகயிறும் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். செயின்சாவை இயக்கும் முன் இரண்டு பிடிமானம். லேன்யார்டுக்குள் கம்பி இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம், செயின்சா கம்பியையும் அறுக்கும்.

எங்கள் வளவில் பட்டுப்போன ஆஷ் மரம் ஒன்று. ஆள் ஏற மாட்டேன் என்கிறார், கிரேன் வேண்டுமாம். காசு பிடுங்குகிறாரா? (மார்க்கம்)

இல்லை ஐயா, நல்ல ஆள். விடாதீர்கள். மரகத ஆஷ் துளைப்பான் என்ற ஆசிய வண்டு 2002-இல் டெட்ராய்ட்டிலும் வின்ட்ஸரிலும் கண்டுபிடிக்கப்பட்டது, 2007-இல் டொரொண்டோவிலும். புழு பட்டைக்கு அடியில் பாம்பு போன பாதை மாதிரி வளைந்து வளைந்து தின்று, நீரோட்டத்தை அறுத்துவிடும். பட்ட ஆஷ் வேகமாகக் காய்ந்து அப்பளமாகிவிடும். முள் நன்றாகக் குத்தும், அதில் குறையில்லை. ஆனால் ஏறியவனின் எடைக்கும் கிளை விழும் அதிர்வுக்கும் மரமே ஒடியும். நானும் ஏற மாட்டேன். நகருக்குள் இருக்கும் உறவினர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள்: டொரொண்டோவில் 1.4 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். பட்ட மரம் என்றாலும் முதலில் நகரசபைக்குப் படம் அனுப்பிக் கேட்டுக்கொள்வது நல்லது.

டைட்டானியமா, இரும்பா? பழைய ஜோடி வாங்கலாமா?

தினமும் மரம் இறக்குபவர் என்றால் இலேசானது சாயங்காலம் காலுக்குத் தெரியும். மாதம் இரண்டு மரம் என்றால் இரும்பே போதும். மிச்சக் காசைத் தண்டுக்கும் காலுக்கும் நடுவே வரும் நல்ல பேடுக்குப் போடுங்கள். பழையது வாங்கலாம், கேஜைக் கையோடு கொண்டு போனால். நுனியில் நீலமோ பழுப்போ தெரிந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு. மரமேற ஆள் கிடைப்பதில்லை. ஆன்லைனில் ஸ்பர் வாங்கிவிட்டேன், பையனுக்குப் பழக்கலாம் என்று. சரியா?

தென்னைக்கு வேண்டவே வேண்டாம் ஐயா. மேப்பிளுக்காவது கேம்பியம் இருக்கிறது, காலப்போக்கில் ஓட்டையை மூடிக்கொள்ளும். தென்னை, பனைக்கு அந்த அடுக்கே கிடையாது. இன்று குத்திய ஓட்டை மரம் சாகும்வரை ஓட்டைதான். சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடி வருவதும் அந்த மாதிரிக் காயத்தைத்தான். மாதம் தவறாமல் ஏற வேண்டிய மரத்தில் எத்தனை ஓட்டை விழும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கள் இறக்கும் சீவல் தொழிலாளர்கள் காலில் தளைநார் போட்டுப் பனை ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பாதமும் நாரில் இறுகி, மரத்தை இருபுறமும் அழுத்தும். பிடிப்பு முழுக்க உராய்வுதான், மரத்தில் ஒரு கீறல் விழாது. இங்கே லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கிய பிறகும் அந்த நேர்த்தி எனக்கு வரவில்லை.

பையனுக்கு இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்து ஏறும் கம்பிவட இயந்திரத்தை வாங்கிக் கொடுங்கள், கேரளத்துச் செம்பேரி மாதிரியில் வருவது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய மரமேறும் பயிற்சியும் இயந்திரத்தை வைத்துத்தான். இடுப்புப் பட்டையும் பாதுகாப்புக் கயிறும் இல்லாமல் அதிலும் ஏற்றாதீர்கள். ஸ்பர் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.