பூனை எதற்கு என்று கேட்டீர்களா?

கேள்வி: நானும் என் 10 வயது மகளும் மைன்கிராஃப்ட் என்ற, சதுரக் கட்டைகளால் உலகம் கட்டும் கணினி விளையாட்டில், எங்கள் இருவருக்கு மட்டுமான ஒரு சர்வரில், ஒன்றரை வருடமாக விளையாடுகிறோம். வேலை காரணமாக வாரத்தில் 5 நாள் நான் வெளியூரில் இருப்பவன். தினமும் ஒரு மணி நேரம் அந்த விளையாட்டில்தான் அவளோடு இருக்கிறேன். அவள் கட்டிய வீட்டுக்குக் கீழே பெரிய நிலவறை ஒன்று செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று, அவள் தூங்கிய பிறகு 30 டிஎன்டி வெடிக்கட்டைகளை வரிசையாக வைத்துக் கொளுத்தினேன். ஆழம் போதும் என்று நினைத்தேன். வீட்டின் பாதித் தரை போய்விட்டது. அவள் உள்ளே உட்காரவைத்திருந்த நாயும் செத்துவிட்டது. க்ரீப்பர் (கிட்டே வந்து தானே வெடிக்கும் விளையாட்டுப் பிராணி) வந்து வெடித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன், நம்பிவிட்டாள். சிதறிய பலகைகள் என் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. இப்போது அவளுக்கு வீடு கட்டுவதில் ஆர்வமே இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டே இருக்கிறாள், பூனை வளர்க்கப் போகிறாளாம். நிலவறையை முடித்துக் கொடுத்தால் பழையபடி ஆகிவிடுவாள் என்று நினைக்கிறேன். இந்த முறை சேதம் இல்லாமல் வெடி வைப்பது எப்படி?

பதில்: வெடியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். பூனையைப் பற்றி அரை வரிதான். நான் அந்த அரை வரியைத் தாண்டி வர முடியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூனை எதற்கு என்று அவளிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். என் பேத்தியோடு 4 வருடமாக இதே விளையாட்டை ஆடுகிறேன், அதனால் நான் சொல்கிறேன். அந்த உலகத்தில் க்ரீப்பர் பூனையைக் கண்டால் ஓடும். பூனை 6 பிளாக், அதாவது 6 கட்டை, தூரத்தில் இருந்தால் போதும், கிட்டே வராமல் திரும்பிவிடும். பூனையைப் பழக்க வேண்டுமென்றால் பச்சை மீன் வேண்டும், காட் அல்லது சால்மன். ஒரு மீன் கொடுத்ததும் பழகிவிடும் என்று நிச்சயமில்லை, சில சமயம் நாலைந்து மீன் போகும். மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். சட்டென்று நகர்ந்தால் மிரண்டு ஓடிவிடும், மறுபடி முதலிலிருந்து.

அவளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அவள் காவலுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள் ஐயா. நாயை வைத்துப் பார்த்தாள், நாய் செத்துவிட்டது. அடுத்து க்ரீப்பருக்கு எது ஆகாது என்று யாரையோ கேட்டோ, எங்கேயோ படித்தோ தெரிந்துகொண்டு, ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள். வராத க்ரீப்பருக்காக. நீங்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிச் சமாளித்த பொய்க்கு அந்தக் குழந்தை தினமும் ஒரு மணி நேரம் உழைக்கிறது. அதுவும் எந்த ஒரு மணி நேரம்? உங்களோடு இருக்க அவளுக்குக் கிடைக்கிற அந்த ஒரே மணி நேரம்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. பொருள் மாறும், கதை மாறாது. பிள்ளையின் சாமானை உடைத்துவிட்டு, காற்றின்மேல், எலியின்மேல், பக்கத்து வீட்டுப் பையன்மேல் பழியைப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். எனக்கு 9 வயதில் ஓர் ஓவிய நோட்டு இருந்தது. ஒரு நாள் அது முழுக்க நனைந்து கிடந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துவிட்டது என்றார் அப்பா. அதற்கப்புறம் பல வருடம், மழை வருகிற மாதிரி இருந்தாலே வீட்டு ஜன்னல்களை எல்லாம் ஓடி ஓடிச் சாத்துவேன், நடுராத்திரியில்கூட. தண்ணீர்ச் செம்பை அப்பாதான் தட்டிவிட்டார் என்று எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொன்னார். நோட்டு போனது எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. சாத்திய ஜன்னல்கள் மறக்கவில்லை.

உங்கள் பொய் அவ்வளவு நாள் தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆள் 3 பிளாக் தூரத்துக்குள் வந்தால்தான் க்ரீப்பரின் திரி பற்றும், ஒன்றரை நொடியில் வெடிக்கும். ஆள் இல்லாத வீட்டுக்குள் தானாகப் போய் வெடிக்கிற பிராணி இல்லை அது. பூனையைப் பற்றித் தெரிந்துகொண்ட பெண்ணுக்கு இதைத் தெரிந்துகொள்ள இன்னும் எத்தனை நாள் ஆகும்? அன்றைக்கு ராத்திரி அந்தச் சர்வரில் இருந்த ஒரே ஆள் யார் என்று யோசிக்க எத்தனை நிமிடம் ஆகும்? வெடிப்பின் பலமும் வேறு. விளையாட்டின் கணக்கில் க்ரீப்பருக்கு 3, டிஎன்டிக்கு 4. ஒரு க்ரீப்பர் ஒரு குழிதான் போடும். 30 டிஎன்டி போட்ட நீளப் பள்ளத்தை க்ரீப்பர் கணக்கில் எழுத முடியாது. பழக்கிய நாய் செத்தால், அதன் சொந்தக்காரர் அப்போது விளையாட்டுக்குள் இருந்தால், எப்படிச் செத்தது என்று திரையில் செய்தி வரும். அவள் தூங்கிக்கொண்டிருந்ததால் அது வராமல் போயிற்று. அவ்வளவுதான் உங்களைக் காப்பாற்றியது.

அந்த நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'உட்காரவைத்திருந்த நாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் உட்காரவைப்பார்கள்? நிற்கிற நாய் எஜமானர் பின்னாலேயே வரும், குகையில் விழும், தீக்குழம்பில் சிக்கும். ஆபத்து வேண்டாம் என்றுதான் வீட்டுக்குள் விட்டு, உட்கார் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்கள் குழந்தைகள். உட்கார்ந்த நாய் அவள் எழுப்பும்வரை அந்த இடத்தை விட்டு அசையாது. பத்திரம் என்று அவள் நம்பிய இடம் அது. அந்த நம்பிக்கையின் கீழேதான் நீங்கள் 30 வெடி வைத்தீர்கள். ஆச்சரியப்படுத்த நினைத்தது நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கட்டிய வீட்டுக்கு அடியில் அவரைக் கேட்காமல் வெடி வைக்க அப்பாவுக்கும் உரிமை கிடையாது. 10 வயதுப் பிள்ளையின் வீடு என்றால் இன்னும் கிடையாது.

ஆகவே, வெடிக்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. அவளிடம் சொல்லுங்கள். விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யாதீர்கள், போனிலும் வேண்டாம். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். "க்ரீப்பர் வரவில்லை. நான்தான் வெடி வைத்தேன். உன் நாய் என்னால்தான் செத்தது. பயந்துபோய்ப் பொய் சொன்னேன்." நாலே வாக்கியம். 'உனக்காகத்தான் செய்தேன்' என்பதை அதோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் மன்னிக்க வேண்டிய பாரம் அவள் தலையில் ஏறிவிடும். அழுவாள். கோபப்படுவாள். இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பாள். இருக்கட்டும். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் அப்பாவின் மரியாதை குறையும் என்று நினைக்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் தங்கள் தப்பை ஒப்புக்கொள்ளத் தெரியாமல் திண்டாடுகிறார்கள். வாரத்தில் 5 நாள் வீட்டில் இல்லாத அப்பாவின் சொல் மட்டும்தான் வீட்டில் இருக்கிறது. அந்தச் சொல்லும் பொய்யென்றால் அவளுக்கு மிச்சம் என்ன?

அப்புறம் அந்தப் பலகைகள். உங்கள் பெட்டியில் 'பத்திரமாக' இருக்கின்றன என்கிறீர்கள். ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்பதுதான் சரியான வார்த்தை. அவற்றை அவள் கையில் கொடுங்கள். தரையை நீங்கள் போட்டுவிடாதீர்கள். அவள் எப்படிப் போடச் சொல்கிறாளோ அப்படிப் போட ஒத்தாசை செய்யுங்கள்.

சரி, இப்போது வெடி. நிலவறை வேண்டுமா என்று முதலில் அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விஷயம் முடிந்தது. வேண்டும் என்றால், போன தடவை எங்கே தப்பு நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆழம் போதும் என்று நினைத்தது ஒரு வெடிக்குச் சரி. கல்லுக்குள் புதைத்த ஒரு டிஎன்டி ஒன்றிரண்டு பிளாக் தூரத்துக்கு மேல் உடைக்காது, கல் அந்த வேகத்தைச் சீக்கிரம் விழுங்கிவிடும். மண்ணில் 3 பிளாக் வரை போகும். வெறும் காற்றில் ஏறக்குறைய 7 பிளாக் தூரம் பாயும். முதல் வெடி கல்லைக் குடைந்து காலி இடம் உண்டாக்கியதும், அடுத்த வெடிக்கு எதிரே கல் இல்லை, காற்றுதான். 30 வெடியை ஒட்டி ஒட்டி வைத்தால் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழி திறந்துவிடும். இன்னொன்று, பற்றவைத்த டிஎன்டிக்கு 4 நொடி அவகாசம் உண்டு. பக்கத்து வெடியால் பற்றிக்கொண்டதற்கு அரை நொடியிலிருந்து ஒன்றரை நொடிதான். பற்றிய பிறகு அது பிளாக் இல்லை, அசைகிற பொருள். கீழே விழும், மற்ற வெடிகள் அதைத் தூக்கி எறியும். உங்கள் வரிசையிலிருந்து ஒன்றிரண்டு அப்படித்தான் அவள் தரைக்குக் கிட்டே பறந்துபோய் வெடித்திருக்கும். பற்றிய டிஎன்டியை அணைக்க வழியே கிடையாது.

முதல் வேலையாக, சர்வரை நிறுத்திவிட்டு உலகம் இருக்கும் கோப்புறையை அப்படியே நகல் எடுங்கள். ஒன்றரை வருட உழைப்பு அதற்குள் இருக்கிறது, நீங்கள் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் நாயும் வீடும் திரும்பக் கிடைத்திருக்கும். நகலைத் தனியாகத் திறந்து அங்கே ஒரு முறை வெடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் நிஜ உலகத்துக்கு வாருங்கள்.

வெடிகளை ஒட்டி வைக்காதீர்கள். ஒன்று வைத்து வெடித்து, எவ்வளவு குடைந்திருக்கிறது என்று பார்த்து, பிறகு அடுத்தது. நேரமாகும், ஆகட்டும். வீட்டின் அடித்தரையிலிருந்து கீழே 8 பிளாக் தூரத்துக்குள் வெடியே வேண்டாம், பிக்காக்ஸால் தோண்டுங்கள். டிஎன்டி உயிர்களைத் தாக்குகிற தூரம் 8 பிளாக் வரை, அதனால்தான் அந்தக் கணக்கு. அடித்தரைக்குக் கீழே ஓர் அடுக்கு அப்சிடியன் என்ற கெட்டியான கருங்கல் போட்டால் இன்னும் நல்லது. கல்லின் வெடிதாங்கும் எண் 6, அப்சிடியனுக்கு 1200. தீக்குழம்பின் ஊற்றுமேல் தண்ணீர் பட்டால் அப்சிடியன் உண்டாகும், வெட்டி எடுக்க வைர பிக்காக்ஸ் வேண்டும். ஒரு பிளாக்குக்கு 9 நொடிக்கு மேல் ஆகும் பொறுமையான வேலை. அப்பாவும் மகளும் பேசிக்கொண்டே செய்வதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

தண்ணீருக்குள் இருக்கிற டிஎன்டி பிளாக்குகளை உடைக்காது என்று யாராவது சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் பக்கத்தில் உயிர் இருந்தால் அதைத் தாக்கும். பிராணிகள் இருக்கிற இடத்தில் தண்ணீரை நம்பாதீர்கள். பெட்டிகளையும் முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள். ஒரு வெடி பெட்டியை உடைத்துச் சாமான்களைத் தரையில் கொட்டும், அடுத்த வெடி கொட்டியவற்றை அழித்துவிடும்.

கையால் கொளுத்தாதீர்கள். மின்கம்பி மாதிரி சமிக்ஞை கடத்தும் ரெட்ஸ்டோன் தூளைக் கோடாகப் போட்டு வாருங்கள். அதன் சமிக்ஞை 15 பிளாக் தூரம் போகும், தள்ளி நிற்க அது போதும். கோட்டின் மறுமுனையில் லீவர், அதாவது இழுக்கும் விசை. லீவர் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிஎன்டியை வைக்க வேண்டும். சமிக்ஞை ஓடுகிற கோட்டின் முனையில் வைத்தால் வைத்த கணமே பற்றிக்கொள்ளும்.

லீவரை அவள்தான் இழுக்க வேண்டும். அவள் தூங்கும்போது இனி ஒரு மண் பிளாக்கைக்கூட அங்கே நகர்த்தாதீர்கள். மீன் பிடித்தது வீணாகவும் வேண்டாம். பூனையைப் பழக்க வேண்டும் என்று இப்போதும் அவள் சொன்னால், நீங்களும் ஒரு தூண்டில் செய்துகொண்டு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். பிறகு ஒரு நாள் லீவர் பக்கத்தில் இருவரும் நிற்பீர்கள். இழுப்பதற்கு முன், பூனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.