துணியைத் துளைக்கும் முழங்கால், டம்ளருக்குள் இறங்காத கோலி

கேள்வி: ப்ளெண்டர் என்னும் முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஓடிவரும் சிறுமியின் பாவாடைக்கு 'கிளாத்' (துணிபோல அசைய வைக்கும் கணக்கு) போட்டேன். நின்றால் சரியாக இருக்கிறது. ஓடினால் முழங்கால் துணியைத் துளைத்து வெளியே வருகிறது. என்ன செய்வது?

பதில்: ஓடும்போது முழங்கால் நொடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் (படம்) என்ற கணக்கில் ஒரு ஃபிரேமுக்கு 21 செ.மீ. ஒரு ஃபிரேமை எத்தனை படிகளாகப் பிரித்துக் கணக்கிடுவது என்பதே 'குவாலிட்டி ஸ்டெப்ஸ்'; மாற்றாவிட்டால் 5தான். ஆக ஒவ்வொரு படிக்கும் கால் 4 செ.மீ. தாவுகிறது. மோதலைக் கவனிக்கும் தூரமோ துணிக்கு 1.5, உடம்புக்கு 2, மொத்தம் 3.5 செ.மீ. தாவல் அதைத் தாண்டிவிடுவதால் கால் துணியைக் கடந்தது கணக்கில் சிக்காமலே போகிறது. ஸ்டெப்ஸை 15 ஆக்குங்கள், தாவல் 1.4 செ.மீ.க்கு இறங்கும். பேக் செய்ய (அசைவைக் கணக்கிட்டுச் சேமிக்க) நேரம் கூடும், வேறு வழியில்லை. பலர் முதலில் மோதல் தூரத்தைக் கூட்டுகிறார்கள். அது வேண்டாம், துணி உடம்பில் படியாமல் விலகி நிற்கும்.

உடம்பின் மேல் வரிசையாகச் செயல்படும் மாற்றங்களான மாடிஃபயர்களையும் பாருங்கள்: மோதலுக்கான 'கொலிஷன்', எலும்புக்கூட்டால் உடம்பை அசைக்கும் 'ஆர்மேச்சரு'க்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் துணி மோதுவது ஓடும் காலோடு அல்ல, அசையாமல் நிற்கும் பழைய உடம்போடு. முதல் ஃபிரேமிலேயே துணி தோலுக்குள் புதைந்திருக்கக் கூடாது. கை விரித்து நிற்கும் நிலையிலிருந்து 25 ஃபிரேமில் ஓட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: டம்ளருக்குள் கோலி விழவேண்டும். வாய் மூடியிருப்பதுபோல மேலேயே நின்றுவிடுகிறது.

பதில்: 'ரிஜிட் பாடி'யில் (வளையாத பொருள்களின் மோதல் கணக்கு) டம்ளரின் வடிவம் 'கான்வெக்ஸ் ஹல்' என்றிருக்கும். பாத்திரத்தை பாலித்தீன் தாளில் இறுகச் சுற்றியது போன்ற கணக்கு அது, வாயும் மூடிக்கொள்ளும். டம்ளரை 'பாஸிவ்' (தானாக விழாதது), வடிவத்தை 'மெஷ்' (உள்ளபடியே) ஆக்குங்கள். அப்படியும் கோலி இறங்காவிட்டால் மோதலுக்காகச் சுவரைச் சுற்றி விடும் இடைவெளியான 'மார்ஜின்' 0.04 மீட்டராக இருக்கிறது என்று அர்த்தம். சுவருக்கு 4 செ.மீ. என்றால் 8 செ.மீ. வாய் அடைபட்டுப்போகும். 0.001 ஆக்குங்கள்.

இப்போது கோலி சுவரைத் துளைக்கப் பார்க்கும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் நொடிக்கு 3.1 மீட்டர், ஃபிரேமுக்கு 10 'சப்ஸ்டெப்' (கணக்குப் படி) போதாது, படிக்கு 1.3 செ.மீ. தாவும். 40 வையுங்கள், 3 மி.மீ. சொச்சம்தான் தாவும்.

கேள்வி: டைம்லைனை 400 வரை நீட்டியும் 250ஆவது ஃபிரேமில் எல்லாம் உறைந்துவிடுகிறதே?

பதில்: கணக்கிட்ட அசைவைச் சேமிக்கும் 'கேஷ்' எந்த ஃபிரேமில் முடியும் என்பது தனி எண், டைம்லைனோடு சேர்ந்து நீளாது. துணிக்கு அதன் 'கேஷ்' பகுதியிலும், கோலிக்கு 'ரிஜிட் பாடி வேர்ல்டு' கேஷிலும் 400 என்று மாற்றி, பழைய பேக்கை அழித்துவிட்டு மறுபடி பேக் செய்யுங்கள்.