இதயத்தில் ஒவ்வொரு செல்லுக்கும் நரம்பு போவதில்லை. பிறகு எல்லாச் செல்களும் எப்படிச் சேர்ந்து துடிக்கின்றன?

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். வருடம் தவறாமல் யாராவது கேட்டுவிடும் கேள்வி இது.

நரம்பு துடிப்பின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். மின்னோட்டத்தைக் கடத்துவது தசைச் செல்களேதான். ஒரு செல்லின் முனை அடுத்ததோடு சேரும் இடத்தில் கேப் ஜங்ஷன் எனப்படும் நுண்குழாய்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. கனெக்சின் என்ற புரதத்தின் ஆறு மூலக்கூறுகள் இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம் என்று பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு குழாய்.

ஒரு செல் தூண்டப்பட்டதும் வெளியிலிருந்து சோடியம் அயனிகள் அதற்குள் பாய்கின்றன. உள்ளே ஏறிய நேர்மின்னூட்டம் குழாய்கள் வழியே பக்கத்துச் செல்லுக்குத் தள்ளப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், குழாயைக் கடப்பது பெரும்பாலும் பொட்டாசியம் அயனிகள். செல்லுக்குள் நிறைந்திருப்பது அதுதானே. சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருந்த பக்கத்துச் செல் மெல்ல மேலேறி, ஒரு வரம்பைத் தாண்டியதும் தன் சோடியம் கதவுகளைத் திறந்துவிடும். கார்த்திகைக்கு ஒரு அகலிலிருந்து அடுத்த அகலை ஏற்றுவது மாதிரி: ஒவ்வொன்றும் தன் எண்ணெயில்தான் எரிகிறது. அதனால்தான் கடைசிச் செல் வரை வீச்சு குறைவதில்லை.

எல்லாத் திசையிலும் ஒரே வேகமா? இல்லை. செல்கள் நீளவாக்கில் சுமார் 100 மைக்ரான், அகலம் 20 மைக்ரான் அளவில்தான். குறுக்கே போனால் தாண்ட வேண்டிய எல்லைகள் அதிகம், குழாய்களும் குறைவு. இதயத்தின் கீழறையான வென்ட்ரிக்கிளில் இழையின் போக்கில் நொடிக்கு அரை மீட்டர் போனால், குறுக்கே ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. மின்னோட்டத்தை விரைந்து கடத்தவென்றே உள்ள பர்கின்ஜி இழைகளில் 2 முதல் 4 மீட்டர்.

இந்தக் குழாய்கள் மூடவும் செய்யும். மாரடைப்பில் ரத்தம் நின்ற இடத்தில் அமிலமும் கால்சியமும் ஏற, அவை அடைத்துக்கொண்டு, சாகும் செல்லைப் பக்கத்துச் செல்களிலிருந்து துண்டித்துவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் பிற்பாடு தழும்புக்கு நடுவே ஒற்றையடிப் பாதைபோல் உயிரோடு எஞ்சும் செல்களில் மின்னோட்டம் ஊர்ந்து, வளைந்து வெளியே வருவதற்குள் சுற்றியுள்ள தசை மறுபடி தூண்டப்படத் தயாராகிவிட்டால், சுழற்சி தொடங்கிவிடும். கீழறை மிதமிஞ்சிய வேகத்தில் துடிக்கும் வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா பலருக்கு இப்படித்தான் வருகிறது. அதற்கான அப்லேஷன் சிகிச்சையில் கதீட்டர் என்ற மெல்லிய கம்பிபோன்ற குழலை இதயத்துக்குள் செலுத்தித் தேடிப்பிடித்துச் சுடுவதும் பெரும்பாலும் இந்தக் குறுகிய பாதைகளைத்தான்.